அழைத்தது யார்?

மளிகைக் கடை ஒன்றின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 40 பொருள்கள். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், புளி, வரமிளகாய் என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு கழித்தல் குறி, நடுவில் ஓர் எண், ஒரு கூட்டல் குறி. கூட்டலைத் தொட்டால் எண் ஒன்று ஏற வேண்டும். ஒரு பொருளுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இதை எழுதுவது முதல் வாரப் பாடம். 40 பொருளுக்கு எழுதுவதற்கு வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

புதிதாகக் கற்பவர் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரிசிக்கு எழுதிய ஃபங்ஷனைக் காப்பி செய்து, அரிசி என்ற இடத்தில் பருப்பு என்று மாற்றி, அதையும் காப்பி செய்து எண்ணெய் என்று மாற்றி, 40 வரை போய்விடுவார். இதைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கம் ஓடும். பருப்பைத் தொட்டால் பருப்பு ஏறும், புளியைத் தொட்டால் புளி ஏறும். ஒன்று கெட்டாலும் மற்ற 39க்கும் ஒன்றும் ஆகாது. கடைக்காரர் ஒருநாள் வந்து, “எதுவா இருந்தாலும் ஒருத்தருக்குப் பத்துக்கு மேல வேண்டாம் தம்பி” என்று சொல்லும்வரை அதில் குறையே தெரியாது. சொன்ன பிறகு 40 இடத்தில் கை வைத்தாக வேண்டும். 39 இடத்தில் வைப்பார்கள். விட்டுப்போனது எது என்பதை ஒரு வாடிக்கையாளர் பதினைந்து பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிக் காட்டிக்கொடுப்பார்.

கொஞ்சம் விவரம் தெரிந்ததும் அடுத்த படிக்கு வருகிறார்கள். வேலை ஒன்றுதான், ஃபங்ஷனும் ஒன்று போதும் என்ற தெளிவு வந்துவிடுகிறது. 40 எண்களுக்கும் ஒரே ஐடியைச் சூட்டி, 40 பட்டன்களிலும் அந்த ஒரே ஃபங்ஷனைக் கட்டிவிடுகிறார்கள். பக்கத்தைத் திறந்து துவரம்பருப்பின் கூட்டலைத் தொட்டால் பருப்பு அசைவதில்லை. மேலே அரிசியின் எண் ஒன்று ஏறுகிறது. புளியைத் தொட்டாலும் அரிசி. வரமிளகாயைத் தொட்டாலும் அரிசி. பிரவுசர்மேல் தப்பில்லை. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒன்றுக்குத்தான் உரியது என்பது எச்டிஎம்எல் விதி. விதியை மீறி 40 பேருக்கு வைத்தால், ஐடி சொல்லித் தேடும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, முதலில் கண்ணில் பட்டதைத் தந்துவிட்டு நின்றுவிடும்.

முந்தைய 40 சரியான ஃபங்ஷன்களைவிட இந்தப் பிழையின்மேல் எனக்கு மரியாதை அதிகம். எண்ணம் சரியான திசையில் போயிருக்கிறது, ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போயிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஃபங்ஷனுக்குத் தெரியும். யாருக்குச் செய்ய வேண்டும் என்று தெரியாது.

இந்தக் கேள்வி இணையத்தைவிட வயதில் மூத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டி வர்க்க எண்களின் அட்டவணையை அச்சிட்டது. பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலியலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் அதன் நினைவகம். இடம் மிகக் குறைவு. வர்க்கமூலம் காணும் கட்டளைகள் ஒரு கணக்கில் மூன்று இடத்தில் தேவைப்பட்டால், மூன்று தடவை எழுதிவைக்க அங்கே வசதி கிடையாது. ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் அங்கே தாவிப் போய்விட்டு வரலாம். போவது எளிது, வருவதில்தான் சிக்கல். அழைப்பு மூன்று இடத்திலிருந்து வருகிறது, கட்டளைத் தொகுதியோ ஒன்றே ஒன்று. வேலை முடிந்ததும் அது எந்த இடத்துக்குத் திரும்பும்? திரும்ப வேண்டிய முகவரியை முன்கூட்டியே எழுதிவைத்தால் அது ஒருவருக்குத்தான் உதவும், பொதுவாக இருக்காது. எழுதாமல் விட்டால் போனது போனதுதான்.

அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் இதற்கு ஒரு வழி கண்டார். அழைக்கும் நிரல், தான் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்ணைக் கணினியின் திரட்டியில் ஏற்றிவிட்டுத் தாவும். தாவி வந்ததை வாங்கிக்கொள்ளும் அந்தக் கட்டளைத் தொகுதி, அதாவது துணைநிரல், உடனே வேலையில் இறங்காது. வந்த எண்ணைக் கொண்டு ‘இங்கே திரும்பிப் போ’ என்ற கட்டளையைத் தயாரித்து, தன்னுடைய கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். அதன் பிறகே வர்க்கமூலம். இதற்கு வீலர் தாவல் என்றே பெயர் நிலைத்தது. ஆலன் டூரிங்கும் 1946இல் தான் அளித்த கணினித் திட்ட அறிக்கையில் துணைநிரலுக்குப் போய்த் திரும்பும் வழியை யோசித்திருந்தார். ஆனால் ஓடும் இயந்திரத்தில் நாள்தோறும் புழங்கும் பழக்கமாக அது வளர்ந்தது கேம்பிரிட்ஜில். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து 1951இல் எழுதிய நூல் வெளிவந்தபோது அங்கே 87 துணைநிரல்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் துளையிட்ட காகித நாடா. வேண்டியதை எடுத்துத் தங்கள் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள்.

வீலரின் துணைநிரலில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்தக் கடைசி வரிதான். மற்ற வரிகளெல்லாம் எல்லாருக்கும் ஒன்று. கடைசி வரி மட்டும் காலி. யார் வந்தாலும் அவர்களுடைய முகவரி அங்கே ஏறும். அடுத்தவர் வந்ததும் அழிந்து அவருடையது ஏறும். அந்த ஒரு வரி காலியாக இருப்பதால்தான் மற்ற வரிகள் பொதுவாக இருக்க முடிகிறது.

மறுபடி மளிகைப் பக்கத்துக்கு. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். அந்த அவசரத்தின் தழும்புகள் இன்றும் மொழியில் இருக்கின்றன. எண்ணும் எழுத்தும் குழம்பி, ஒன்றும் ஒன்றும் சேர்ந்து பதினொன்றாகும் இடங்களை எழுதியவர்கள் அறிவார்கள். ஆனால் ஸ்கீம் என்ற பழைய மொழியிலிருந்து அவர் ஒரு நல்ல விஷயத்தைக் கொண்டுவந்தார். ஃபங்ஷனையும் ஓர் எண்ணைப்போல, ஒரு பெயரைப்போல, கையில் எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கலாம். ஆகவே 40 பட்டன்களிடமும் ஒரே ஃபங்ஷனைக் கொடுக்க முடிகிறது. பிரதி எடுக்கவில்லை, எல்லாப் பட்டன்களும் ஒன்றையே சுட்டிக்கொண்டிருக்கின்றன.

தொட்டது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? வீலரின் விடைதான், உடை மட்டும் வேறு. யாராவது தொட்டதும் பிரவுசர் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்போது வெறுங்கையோடு கூப்பிடுவதில்லை. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்ற விவரங்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கூடவே அனுப்புகிறது. இவெண்ட் என்பது அந்தப் பொட்டலம். அதற்குள் டார்கெட் என்ற பெயரில், விரல் பட்ட இடம் இருக்கும். சில சமயம் அது பட்டனாகக்கூட இருக்காது, பட்டனுக்குள் இருக்கும் கூட்டல் படமாக இருக்கும். அங்கிருந்து மேலே ஏறி, எந்தப் பொருளின் பெட்டிக்குள் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணை மட்டும் ஏற்ற வேண்டும். அரிசி என்றோ பருப்பு என்றோ ஃபங்ஷனுக்குள் ஒரு சொல்கூட இருக்காது.

இதிலும் ஒரு படி மேலே போகலாம். பட்டனில் நடந்தது பட்டனோடு நின்றுவிடுவதில்லை. அதைச் சுற்றிய பெட்டிக்கு, அந்தப் பெட்டியைச் சுற்றிய பட்டியலுக்கு, அதற்கும் மேலே என்று செய்தி ஏறிக்கொண்டே போகும். நெட்ஸ்கேப் ஒருகாலத்தில் இதை மேலிருந்து கீழாக அனுப்பியது, மைக்ரோசாஃப்ட் கீழிருந்து மேலாக அனுப்பியது. 2000 நவம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட விதிமுறை, முதலில் இறங்கி பிறகு ஏறட்டும் என்று இருவரையும் சமாதானப்படுத்தியது. இதனால் 40 பட்டன்களிடமும் போய்ச் சொல்லிவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போனது. பட்டியலின் வாசலில் ஒரே ஒரு ஃபங்ஷனை நிறுத்தினால் போதும். உள்ளே எங்கே தொட்டாலும் செய்தி அதைக் கடந்துதான் போகும். நாளைக்குக் கடைக்காரர் கருப்பட்டியை 41ஆவதாகச் சேர்த்தாலும் புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டாம். டவுன் பஸ்ஸில் ஒரே கண்டக்டர்தான். பயணிக்கொருவர் வேண்டியதில்லை, ஏறும் ஒவ்வொருவரிடமும் எங்கே என்று கேட்டால் போதும்.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஜாவாஸ்கிரிப்டில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப்புக்குள் 40 பட்டன்களுக்கும் ஃபங்ஷன் கட்டும்போது, லூப்பின் எண்ணை அதற்குள் பயன்படுத்தினால் வினோதமாக ஒன்று நடக்கும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும், லூப் ஓடி முடித்து எங்கே நின்றதோ அந்த எண்ணை. 40 ஃபங்ஷன்களும் தமக்கென்று ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே எண்ணைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன, அழுத்தும்போது அது மாறிப்போயிருந்தது. 2015இல் வந்த விதிமுறையில் லெட் என்ற சொல் சேர்ந்த பிறகுதான் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி எண் கிடைத்தது. அதுவரை ஒரு தலைமுறை நிரலாளர்கள் இந்தக் கண்ணியில் மாட்டித்தான் வெளியே வந்தார்கள்.

பொதுவானது என்றால் யாரையும் கண்டுகொள்ளாதது என்ற எண்ணம் நமக்குள் எங்கோ ஊறியிருக்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லும்போது, ஆளைப் பார்க்காது என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். நல்ல ஃபங்ஷனைப் பார்த்தால் நேர்மாறாகத் தெரிகிறது. 40 தனி ஃபங்ஷன்களில் எதுவும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அரிசிக்கு எழுதியது அரிசியைத் தவிர வேறெதையும் பார்த்ததே இல்லை, அதற்குக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக வந்து நிற்கும் ஒன்றுதான் ஒவ்வொரு முறையும், முதல் காரியமாக, வந்திருப்பது யார் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. கேட்காதபோது அது பொதுவாக இருப்பதில்லை. அரிசிக்கு மட்டும் வேலை செய்கிறது.

இனி கடை வளர்கிறது, கேள்விகளும் வளர்கின்றன. காய்கறி சேர்ந்ததும் அரைக் கிலோவாக ஏற வேண்டும். கொத்தமல்லிக்குக் கட்டுக் கணக்கு. சலுகை விலைச் சர்க்கரை ஒருவருக்கு ஒரு பாக்கெட்தான். ஒரே ஃபங்ஷனுக்குள் ‘காய்கறியாக இருந்தால்’, ‘சலுகைப் பொருளாக இருந்தால்’, ‘சலுகைப் பொருள், ஆனால் பழைய வாடிக்கையாளராக இருந்தால்’ என்று நிபந்தனைகள் ஏறி, கடைசியில் அதைத் தொடவே ஆட்கள் பயப்படுகிறார்கள். திரும்பத் திரும்ப எழுதாதே என்ற கொள்கையை 1999இல் தங்கள் புத்தகம் ஒன்றில் பரப்பிய ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும், எழுத்து திரும்ப வருவதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே அறிவு இரண்டு இடத்தில் இருப்பதைப் பற்றித்தான் பேசினார்கள். வரி 5 சதவீதம், தள்ளுபடியும் 5 சதவீதம் என்றால் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று கை அரிக்கும். வரியை மாற்றுவது அரசு, தள்ளுபடியை மாற்றுவது கடைக்காரர். இன்றைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல். இரண்டு பொருள்களை ஒரே ஃபங்ஷனில் சேர்ப்பதற்கு முன்னால், அவற்றின் முகச்சாயலைப் பார்த்துப் பயனில்லை. நாளை ஒன்று மாறும்போது மற்றதும் அதே காரணத்துக்காக மாறுமா என்று பார்க்க வேண்டும். மாறாது என்றால் காப்பி எடுத்துத் தனியாக வைப்பதே நல்லது என்பேன். தவறாகச் சேர்த்த ஒன்றைப் பிரிப்பதைவிட, பிரிந்து கிடக்கும் இரண்டைச் சேர்ப்பது எப்போதும் மலிவு.

ஒரு ஃபங்ஷன் தன் அழைப்பில் எதையெல்லாம் கேட்டு வாங்குகிறது என்ற பட்டியலை இப்படிப் படிக்கலாம்: வருபவர்களுக்குள் என்னென்ன வித்தியாசம் இருக்கலாம் என்று அது ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான். பொருள் எது, எவ்வளவு ஏற வேண்டும், உச்ச வரம்பு எது. மீதி எல்லாம் எல்லாருக்கும் ஒன்று என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்த மீதி எங்கேயும் எழுதப்படுவதில்லை. கேட்ட கேள்விகள் கண்ணுக்குத் தெரியும். கேட்கத் தோன்றாத கேள்விகளுக்கு நிரலில் இடமே கிடையாது, அவற்றைத் தேடிப் படிக்கவும் முடியாது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் திசையறியும் கருவியில் இருந்த நிரல், பல முறை வெற்றிகரமாகப் பறந்த ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்தது. நன்றாக ஓடியதை ஏன் மாற்ற வேண்டும் என்பது நியாயமான யோசனைதான். அதில் ஒரு பகுதி, கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஓர் எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடக்கியது. அந்த இடத்தில் 32,767க்கு மேல் கொள்ளாது. ஏரியன் 4 பறக்கும் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகவே ஆகாது. ஏரியன் 5இல் கிடைமட்ட வேகம் 5 மடங்கு விரைவாக ஏறியது. கிளம்பிச் சுமார் 30 விநாடியில் எண் வழிந்தது, கருவி நின்றது. தவறினால் உதவ இரண்டாவதாக ஒரு கருவியும் உள்ளே இருந்தது. அதிலும் அதே நிரல். ஆகவே அதே காரணத்தால், விநாடியின் ஒரு சிறு பகுதி முன்பே, அதுவும் நின்றுபோயிருந்தது. ராக்கெட் பாதை விலகி உடைந்து, அதில் இருந்த கிளஸ்டர் திட்டத்தின் 4 விண்கலங்களோடு சிதறியது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் இன்னொரு விவரம் உண்டு. வழிந்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையில் நிற்கும்போது கருவியைச் சீராக்குவதற்கானது. ஏரியன் 4இன் தேவைக்காக, கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடி ஓடும்படி விட்டிருந்தார்கள். ஏரியன் 5க்கு அந்தத் தேவை இல்லை. யாருக்கும் வேண்டாத ஒரு வேலை, பழக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தது. நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. எந்த ராக்கெட்டுக்காக எழுதப்பட்டதோ அதில் அது சரியாகவே இருந்தது. எந்த ராக்கெட் என்பது மட்டும் அதன் கேள்விப் பட்டியலில் இல்லை.

மளிகைப் பக்கத்தில் யாரும் வெடித்துச் சிதறப்போவதில்லை. ஆனால் அங்கேயும் எழுதாமல் விட்ட மீதி ஒன்று இருக்கிறது. எந்தப் பொருள் என்று கேட்கத் தெரிந்த ஃபங்ஷன், தொடுபவர் யார் என்று கேட்டதே இல்லை. படத்தைப் பார்த்து, அதன் கீழே உள்ள குறியைத் தொடுபவர் என்று வைத்துக்கொண்டது. பார்வையற்ற ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானோடு அந்தப் பக்கத்துக்கு வந்தால், பொருளின் பெயர் வேறெங்கோ இருக்க, பட்டனிலிருந்து பட்டனுக்குத் தாவும் அவர் காதில் விழுவது பிளஸ் பட்டன், பிளஸ் பட்டன், பிளஸ் பட்டன். 40 தடவை. ஏதோ ஒன்றை அழுத்தினாலும் எண் ஏறியதா என்று தெரியாது, அது ஓசையில்லாமல் ஏறிவிடும். கண்ணுள்ளவருக்கு 40உம் வேறுவேறு, நிரலுக்கும் வேறுவேறு, இவருக்கு மட்டும் எல்லாம் ஒன்று.

இதற்கும் வழி இருக்கிறது, கடினமானதும் இல்லை. ஏரியா என்ற பெயரில் 2014இல் டபிள்யூ3சி இறுதி செய்த விதிமுறைப்படி, பட்டனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயர் வைக்கலாம். எண் இருக்கும் இடத்தை, மாறும்போது வாய்விட்டுச் சொல்லும்படி குறித்து வைக்கலாம். அதே பழைய ஃபங்ஷன்தான் ஓடும், அதில் ஒரு வரியும் மாறாது. பட்டியலை உருவாக்கும் இடத்தில், ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் பொருளின் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். பிறகு அவர் தாவும்போது, துவரம்பருப்பு ஒன்று கூட்டு என்று கேட்கும். அழுத்தினால், இரண்டு என்று கேட்கும். அடுத்ததற்குத் தாவினால், நல்லெண்ணெய்.